சுண்ணாம்புக்கல் மலையில் பத்து லீற்றர் தண்ணீர்

1

இன்றைக்கு நாங்கள் சிட்னிக்கு வந்து ஐந்து வருசம். இந்த நாளைக் கொண்டாடுவதா, சும்மா விடுவதா என்று இவருக்கும் எனக்கும் ஒவ்வொரு வருசமும் ஒரு சின்னச் சண்டை வரும். "வந்த நாளை எல்லாம் ஆரும் கொண்டாடுவினமே?" என்பார். நான் விடமாட்டேன். ரவையை வறுத்துக் கேசரி கிண்டுவேன். பிறகு முதல் ஆளாய் வந்து தட்டை நீட்டுவதும் இவர்தான்.

கேசரி அடுப்பில் கிடக்கும்போதே மகள் வதனி பள்ளிக்கூடத்தால் வந்தாள். புத்தகப் பையைக் கதிரையில் எறிந்தாள். ஒரு படிவத்தைக் குசினி மேசையில் வைத்தாள். "சைக்கிள் பயணம் திரும்ப வருது. வாசிச்சுப்போட்டு சைன் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போய்விட்டாள்.

நான் இன்னும் அதை வாசிக்கவில்லை. கேசரியைச் சாட்டி வைத்துத் தள்ளிப் போடுகிறேன், உண்மையைச் சொன்னால் என்ன. போன வருசம் இதே பயணத்தில் நான் செய்த வேலைக்குப் பிறகு, என்னை இனிக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று பள்ளிக்கூடம் இதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதில் அந்தத் தாளில் இருக்கும்.

இதற்கிடையில் ஊரிலிருந்து என் தங்கை கடிதம் போட்டிருக்கிறாள். "அக்கா அங்க காற்சட்டை போட்டுக்கொண்டு மலையில சைக்கிள் ஓடுறாவாம் எண்டு இஞ்ச கதை அடிபடுது, மெய்யோ?" என்று கேட்டிருக்கிறாள். மெய்தான். ஓடினேன். காற்சட்டையும் போட்டேன். கதைக்கிறவர்கள் அரைகுறையாய்க் கதைக்காமல் முழுக்கத் தெரிந்துகொண்டு கதைக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2

நான் சைக்கிள் ஓடுவது ஊரில் ஒரு புதினமும் இல்லை. பத்து வருசம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். வீட்டிலிருந்து ஆறு மைல். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, பின் சில்லுக்கு வலை போட்டு, முன் கூடையில் பரிசோதனைக் குழாய்களோடு போய் வருவேன். காற்று எதிர்த்தால்தான் கஷ்டம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் மதகடி ஏற்றம் மட்டும்தானே. நாலு மிதி மிதித்தால் முடிந்துவிடும்.

எட்டாம் வகுப்புக்கு வருசா வருசம் நான் படிப்பித்த பாடம், எங்கள் கால் பதிந்த நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பது. மழைத்தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் கல். எங்கே கிண்டினாலும் கிணறு. "ஆறில்லாத ஊரில் நாங்கள் வெங்காயமும் புகையிலையும் செய்கிறோம் என்றால் இந்தக் கல்லுக்குத்தான் நன்றி சொல்லவேணும், பிள்ளையள்" என்று கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். அந்தப் பாடம்தான் என்னைப் பிறகு மாட்டிவிட்டது.

இங்கே வந்ததும் என் சான்றிதழ்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தன. பட்டம் சரியாம், பயிற்சி சரியாம், ஆனால் பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டம் வேண்டுமாம். பாடத்திட்டத்தை வரவழைத்தேன். அது தமிழில் இருக்கிறதாம். மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மொழிபெயர்த்தவரும் நானே என்பது பிழையாம்! இப்போது ஒரு மருந்துக் களஞ்சியத்தில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டுகிறேன். குறை சொல்லவில்லை. சம்பளம் நாள் தவறாமல் வருகிறது, கூட வேலை செய்கிற பெண்கள் நல்லவர்கள், மெரிலேண்ட்ஸ் ஸ்ரேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம். இவருக்கு அரசாங்கக் கந்தோரில் வரைபடம் கீறுகிற வேலை. எங்களை வாவென்று சொன்ன நாடு இது. சாப்பிடும்போது அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கை நனைத்ததில்லை.

குறை ஒன்றுதான். வரும்போது வதனிக்குப் பத்து வயது. இரண்டு வருசத்தில் அவள் வாயிலிருந்து தமிழ் கழன்றுவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலிஷில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. "ஓகே, மம்." "ஃபைன், மம்." கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பத்தடி முன்னால் நடப்பாள். என் சேலையா, என் இங்கிலிஷா, என் முகமா, எது அவளுக்கு வெட்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

3

போன வருசம் செப்டெம்பரில் அவளுடைய சீருடையைத் தோய்க்க எடுத்தபோது பொக்கற்றில் எட்டாய் மடித்த கடிதம் ஒன்று இருந்தது. பெண்பிள்ளைகள் ஆறு பேர் மூன்று நாள் சைக்கிள் பயணம் போகிறார்களாம். மிட்டகொங் வரை ரயில், அங்கிருந்து மலைப் பாதையில் வொம்பியன் குகைகளுக்கு. கூட்டிப் போகிறவர் பூமிசாஸ்திர ஆசிரியர் மிஸ்டர் ஹார்வி. ஆனால் பெண்பிள்ளைகளோடு ஒரு பெண்மணியும் போகவேண்டும் என்பது சட்டம். சைக்கிள் ஓடத் தெரிந்த தாய்மார் எவராவது முன்வராவிட்டால் பயணம் இல்லை என்று எழுதியிருந்தது. பேர் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள்.

பயணத்துக்காக வதனி ஆறு மாதமாய்க் கைச்செலவுக் காசைச் சேர்த்தவள். சுவரில் வரைபடம் ஒட்டி வைத்திருந்தாள். அவ்வளவு ஆசை இருந்தும், அம்மா வருவதைவிடப் பயணமே நடக்காமல் போகட்டும் என்று கடிதத்தை ஒளித்து வைத்திருக்கிறாள். தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யோசிக்கிற ஆள் இல்லை. நேரே போய் ரெலிபோனை எடுத்தேன்.

"நான் பத்து வருசம் சைக்கிளில் வேலைக்குப் போனனான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் மிஸ்டர் ஹார்வியிடம் சொன்னேன். அந்த மனிசன் சந்தோசத்தில் மூன்று தரம் நன்றி சொன்னார்.

இவர் வேலையால் வந்து கேட்டதும் தலையில் கை வைத்தார். "இஞ்சேரும், உமக்கென்ன விசரே? அது மலையப்பா!"

"மலையெண்டால் என்ன? ரோட்டுத்தானே."

வதனி எழும்பி உள்ளே போனாள். அறைக் கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

4

மிட்டகொங் ஸ்ரேஷனில் இறங்கும்போது குளிர். பள்ளிக்கூடம் எனக்கு இரவல் தந்த சைக்கிளில் பத்துக் கியர். நான் வாழ்நாளில் கியர் கண்டதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு என்று மிஸ்டர் ஹார்வி பிரித்துக் கொடுத்தார். செம்பட்டைத் தாடியும் மெல்லிய குரலும் உள்ள மனிசன். ஒருத்திக்குச் சமையல் சாமான், ஒருத்திக்கு முதலுதவிப் பெட்டி. என் கரியரில் பத்து லீற்றர் பிளாஸ்ரிக் கான் ஒன்றைக் கயிற்றால் கட்டினார். எல்லாருடைய போத்தலும் முடிந்தால் அதுதான் தண்ணீர்.

"ஒரே ஒரு சட்டம்" என்று எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். "தண்ணீரில் விளையாடக் கூடாது. விளையாடினவருக்கு அடுத்த பயணம் கிடையாது. யாராக இருந்தாலும் சரி."

முதல் அரை மணித்தியாலம் நல்லாய்த்தான் போனேன். பிறகு தார் முடிந்து சரளைக்கல் தொடங்கியது. ஏற்றம் என்றால் ஏற்றம், ஐயோ! ஒரு வளைவு முடிய இன்னொன்று. ஒரு பக்கம் மலைச் சுவர், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் மரங்களின் தலை. யூக்கலிப்ரஸ் வாசனை மூக்கை அடைத்தது. பாறையைக் குடைந்த ஒரு சுரங்கப் பாதைக்குள் போய் வெளியே வந்தபோது கீழே பள்ளத்தாக்கு நீலமாய்க் கிடந்தது. அந்தக் களைப்பிலும் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தேன். இதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது.

ஆனால் பிள்ளைகள் ஒவ்வொரு வளைவிலும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் இரைத்து இரைத்து வந்து சேர்வேன். ஒருத்தி என்னவோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து, உதட்டை அசைக்காமல் இங்கிலிஷில் சொன்னாள்: "மம், கியரை மாற்று. ப்ளீஸ்." அவள் காது மடல் சிவந்திருந்தது. எந்தக் கம்பியை இழுப்பது என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

அன்று பின்னேரம் வொலொண்டிலி ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தோம். மிஸ்டர் ஹார்வி ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கானை வாய்வரை நிரப்பினார்.

5

விடிய எழும்பி எதிரே பார்த்தேன். நாங்கள் ஏறவேண்டிய பாதை மலையில் பாம்பாய்ச் சுற்றிக்கொண்டு போனது. என் கரியரில் பத்துக் கிலோ தண்ணீர். இன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் காத்து நிற்கப் போகிறார்கள், இன்றைக்கும் என் பிள்ளையின் காது சிவக்கப் போகிறது.

மிஸ்டர் ஹார்வி தந்த வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மேலே ஏறினதும் நீலக் கோடு ஒன்று இருந்தது, ஓடை. அதற்கப்பால் குகைகள். குகை இருக்கிறதென்றால் சுண்ணாம்புக்கல். எட்டாம் வகுப்புப் பாடம்! சுண்ணாம்புக்கல் உள்ள இடத்தில் தண்ணீருக்குப் பஞ்சமா? அது நான் பிறந்து வளர்ந்த கல்லல்லவா? எனக்கு மிஸ்டர் ஹார்வி சொல்லித் தரவேண்டுமா?

கானைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போய், அடியில் இரண்டு விரற்கடை மட்டும் விட்டு மிச்சத்தை ஊற்றினேன். நிமிர்ந்தபோது ஆற்றடியில் பல் தீட்டிக்கொண்டு வதனி நின்றாள். என்னைப் பார்த்தாள், கானைப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டாள்.

அன்று நான் பின்தங்கவில்லை. மூன்றாம் ஆளாய் ஏறினேன். "மிஸிஸ் சிவா, பிரமாதம்!" என்றார் மிஸ்டர் ஹார்வி. எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் வெயில் ஏறியது. அந்த மாதத்துக்குப் பொருந்தாத வெயில். அரைவாசி ஏற்றத்திலேயே பிள்ளைகளின் போத்தல்கள் முடிந்துவிட்டன. "மேல ஓடை இருக்கு, மேல ஓடை இருக்கு" என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

மேலே ஏறி முடித்ததும் சூசன் என்ற பிள்ளை சைக்கிளைப் போட்டுவிட்டு றோட்டோரத்தில் குந்தி ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. மிஸ்டர் ஹார்வி ஓடி வந்து என் கரியரில் கானை அவிழ்த்தார். தூக்கினதும் அவருக்குப் பாரம் விளங்கிவிட்டது. இருந்த கொஞ்சத்தைச் சூசனுக்குப் பருக்கினார். அத்தோடு முடிந்தது.

நான் வரைபடத்தோடு பற்றைக்குள் ஓடினேன். வதனி என் பின்னால் வந்தாள். ஓடை இருந்தது. உருண்டைக் கற்களும் வெள்ளைப் பாறையும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓடையின் வழியே கீழே போனோம். ஓரிடத்தில் பாறையில் ஒரு துவாரம். ஓடை அதோடு முடிந்துவிட்டது. குனிந்து காதை வைத்தேன். உள்ளே எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. அதே கல்லுத்தான், அதே தண்ணீர்தான். எங்கள் ஊரில் வாளியை விட்டால் வரும். இங்கே மலை அதை விழுங்கி, எங்கோ கீழே கொண்டுபோய்விட்டது. பாறையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். ஒரு தாயின் பிள்ளை அங்கே மயங்கிக் கிடக்கிறாள், என் வீம்பாலே. சூசனுக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு வீடு திரும்புவது?

"மம், வா" என்று வதனி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நாங்கள் றோட்டுக்கு வரவும், தூசியைக் கிளப்பிக்கொண்டு பழைய வான் ஒன்று வரவும் சரியாக இருந்தது. அதன் முன்பக்கத்தில் கித்தான் பை ஒன்று தொங்கியது. நிறையத் தண்ணீர். பைக்கு வெளியே கசிந்து, காற்றுப் பட்டுக் குளிர்ந்த தண்ணீர். ஓட்டி வந்தவள் அறுபது வயதிருக்கும் ஒரு பண்ணைக்காரி. ஒரு கேள்வியும் கேட்காமல் பையைக் கழற்றி, சூசனின் தலையைத் தன் மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கக் கொடுத்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளுக்கு. கடைசியாய் எனக்கு நீட்டினாள்.

நான் வேண்டாம் என்றேன். அவள் விடவில்லை. "குடி, மகளே" என்றாள். "இந்த நிலத்தை நம்பி ஆரும் வெறுங்கையோடு வாறதில்லை. உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதானே பிழை! அதை அவளுக்குச் சொல்ல இங்கிலிஷ் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சூசனை வானில் ஏற்றிக்கொண்டு குகையடிவரை கொண்டுபோய்விட்டாள். அவள் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. எங்கிருந்தாலும் நல்லாய் இருக்கவேணும்.

6

பின்னேரம் குகையடியில் முகாம். சூசன் எழும்பியிருந்து தேத்தண்ணி குடித்து, சிரிக்கவும் தொடங்கிவிட்டாள். மிஸ்டர் ஹார்வி வெறுங் கானை நடுவில் வைத்தார்.

"இதை நான் நேற்று நிரப்பினேன். ஊற்றினது யார்?"

நான் வாயைத் திறக்க முதல் வதனி எழும்பினாள். "நான்தான், சேர். அம்மாவுக்குப் பாரமாக இருந்தது. அதனாலே ஊற்றினேன்."

எழுத வெட்கமான ஒன்றை எழுதத்தான் வேண்டும். ஒரு மூச்சு நேரம் நான் பேசாமல் இருந்தேன். பத்து வருசம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள், என் பிள்ளையின் பொய்க்குப் பின்னால் ஒரு மூச்சு நேரம் ஒளிந்து நின்றேன். பிறகு எழும்பினேன்.

"சேர், அவள் இல்லை. நான். நான் ஊற்றினேன்."

வதனி என் பக்கம் திரும்பினாள். கண் நிறையத் தண்ணீர். இரண்டு வருசத்துக்குப் பிறகு, அத்தனை பேருக்கு முன்னால், உரத்த தமிழில் சொன்னாள்:

"அம்மா, சும்மா இருங்கோ! நீங்கள்தான் எண்டால் உங்களை இனி வர விடமாட்டினம்!"

கடிதத்தை எட்டாய் மடித்து ஒளித்த பிள்ளை. நான் இனி வராமல் போய்விடுவேன் என்று அழுகிறாள்! நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும் மற்றப் பிள்ளைகளும் மூக்கை உறிஞ்சினார்கள். மிஸ்டர் ஹார்வி தாடியைச் சொறிந்துகொண்டு, கானைத் தூக்கிக் குழாயடிக்குப் போய்விட்டார்.

ஆனால் பள்ளிக்கூடம் அவ்வளவு இலேசில் விடவில்லை. ஒருத்தி தான் செய்ததாகச் சொல்கிறாள், மற்றவள் தான் என்கிறாள். அறிக்கையில் யாருடைய பேரை எழுதுவது? வதனியின் பேர் போனால் அவளுக்கு இனிப் பயணமே இல்லை. தாய் எழுத்தில் சத்தியம் பண்ணித் தரவேண்டும் என்றார்கள். அதை ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்திட வேண்டுமாம். மெரிலேண்ட்ஸில் சமாதான நீதவான் யாரென்று தேடினால், எனக்குத் தலையிடிக் குளிசை விற்கிற மருந்துக்கடைக்காரர்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருமல் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் தாளை விரித்து, "பத்து லீற்றர் தண்ணீரை நானே என் சொந்த விருப்பத்தின்படி ஊற்றினேன்" என்று சத்தமாய் வாசித்தார். ஒரு சிரிப்புக்கூட இல்லை. முத்திரையைக் குத்தினார். கலியாண எழுத்துக்குப் பிறகு நான் இவ்வளவு பயபக்தியோடு கையெழுத்துப் போட்டதில்லை.

வதனியின் பேர் தப்பியது. என்னைப் பற்றி "பிறகு பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு ஒரு வருசமாய் ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லாம் தலைகீழாய் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். வதனி இப்போதும் பாதிக்கு மேல் இங்கிலிஷ்தான். கடைத்தெருவில் இப்போதும் முன்னால்தான் நடக்கிறாள், பத்தடி இல்லை, இரண்டடி. எனக்கு அது போதும்.

7

கேசரியை இறக்கிவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.

கூடச் செல்லும் பெண்மணியின் பேர் என்ற இடம் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. வதனியின் கையெழுத்து. மிஸிஸ் சிவா என்று சுருக்காமல், பரமேஸ்வரி சிவபாதம் என்று ஒரு எழுத்தும் குறையாமல் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, மலைப் பயணத்தில் அவருக்குள்ள அனுபவம் என்று ஒரு கட்டம். அதற்குள் இங்கிலிஷில் இருந்தது இது:

"சுண்ணாம்புக்கல்லில் பிறந்தவர். ஒரு தரம் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். உண்மையை எழுத்தில் தந்திருக்கிறார்."

ஓரத்தில் மிஸ்டர் ஹார்வியின் கையொப்பம் இருந்தது. முதல் ஆளாய் அவர் போட்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் போட்டேன். பிறகு இவரைத் தேடிப் போய், "இஞ்சருங்கோ, சைக்கிள் ஒண்டு வாங்கவேணும்" என்றேன். இவர் கேசரித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்னுக்கு ஷெட்டுக்குள்ள கிடக்கு. போன கிழமை பிள்ளையும் நானும் போய் வாங்கினனாங்கள். பத்துக் கியர். உமக்குச் சொல்லக் கூடாதெண்டவள்."

நல்ல மனிசர்!

ஒரு கானை நிரப்பிக் கரியரில் கட்டினேன், பத்து லீற்றரும் குறையாமல். வீட்டுக்கு முன்னால் உள்ள ஏற்றத்தில் மிதிக்கத் தொடங்கினேன். பாதி ஏற்றத்தில் இரைப்பு வந்துவிட்டது. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பின்னாலிருந்து என் பிள்ளை கத்தினாள்:

"அம்மா! கியரை மாத்துங்கோ! மற்றக் கம்பியம்மா, மற்றக் கம்பி!"